கோடையில் டெத் வேலியும் பேட்டி ஊரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லையை ஒட்டிக் கிடக்கிறது டெத் வேலி தேசியப் பூங்கா. எல்லைக்கு அப்பால், நெவாடாவில் இருக்கும் சிற்றூர் பேட்டி. அங்கே குளிர்காலத்தில் போவதே நல்லது என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைப்பதும், ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்குவதும், லாஸ் வேகஸ் பயணத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றுவதும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில்தான். அந்த மாதங்களில் போக நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். அங்குள்ள பலகைகள் எல்லாம் ஃபாரன்ஹீட்டில் இருக்கும். நமக்குப் பழக்கமான செல்சியஸிலேயே இங்கே வெப்பநிலையைக் குறிப்பிடுகிறேன்.

கோடையில் அங்கே போகலாமா, கூடாதா?

போகலாம், ஆனால் நடப்பதற்காகப் போகக் கூடாது. பூங்கா கோடையிலும் திறந்தே இருக்கிறது; தார்ச்சாலைகள் நன்றாக உள்ளன; முக்கியமான இடங்களில் பல சாலையோரத்திலேயே இருப்பதால் காரை விட்டு இறங்கிச் சில நிமிடங்களில் பார்த்துவிட்டு ஏறிவிடலாம். விடியற்காலையில் பள்ளத்தாக்கின் அடியில் இருப்பதும், வெயில் ஏறியதும் மலைமேல் போய்விடுவதும், நடுப்பகலில் கூரைக்கு அடியில் கிடப்பதும்தான் இங்கே கோடைப் பயணம். இந்த வரிசையை மாற்றிக்கொண்டவர்கள்தான் பெரும்பாலும் ஆபத்தில் சிக்குகிறார்கள்.

சென்னையின் அக்கினி நட்சத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய வெயிலா?

பெரிய வெயில்தான். அதைவிட முக்கியமாக, வேறு வகை வெயில். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரியை ஊரே நெடுநாள் பேசிக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்கின் நடுவில் உள்ள ஃபர்னஸ் கிரீக்கில் ஜூலை மாதத்தின் சராசரி உச்ச வெப்பநிலையே சுமார் 47 டிகிரி. 50-ஐத் தாண்டும் நாள்கள் அங்கே செய்தியாவதில்லை. 2020 ஆகஸ்ட் 16 அன்றும் 2021 ஜூலை 9 அன்றும் 54.4 டிகிரி பதிவானது.

நம் கடற்கரை ஊர்களில் வியர்வை உடம்பில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். இங்கே காற்று அவ்வளவு வறண்டது. வியர்வை தோலுக்கு வந்ததும் ஆவியாகிவிடுகிறது, சட்டை நனைவதில்லை, "எனக்கு வியர்க்கவே இல்லையே" என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே உடம்பு நீரையும் உப்பையும் இழந்துவிடுகிறது. வெயிலுக்குப் பழகியவர்கள் நாம் என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறது.

இரவிலாவது குளிருமா?

பாலைவனம் என்றால் இரவில் நடுங்கும் என்று படித்திருப்போம். டெத் வேலியின் அடிப்பகுதியில், கோடையில், அது பொருந்தாது. பல இரவுகளில் வெப்பநிலை 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. கூடாரம் போட்டுத் தூங்கும் எண்ணம் இருந்தால் அதை மலைப்பகுதி முகாம்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த ஓர் இடம் மட்டும் ஏன் இப்படிக் கொதிக்கிறது?

முதல் காரணம் மழை மறைவு. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, டெத் வேலியை அடைவதற்குள் சியரா நெவாடா தொடங்கிப் பல மலைத்தொடர்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தொடரிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை இழந்து, கடைசியில் வெறுங்காற்றாக வந்து சேர்கிறது. ஃபர்னஸ் கிரீக்கில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 5 சென்டிமீட்டர்தான். ஈரமும் இல்லை, செடிகொடியும் இல்லை என்பதால் வெயில் முழுவதும் நிலத்தைச் சுடுவதற்கே செலவாகிறது.

இரண்டாவது காரணம் இடத்தின் வடிவம். பள்ளத்தாக்கு நீளமாகவும் குறுகலாகவும் இருக்கிறது. அதன் அடியில் உள்ள பேட்வாட்டர் உப்புப் படுகை கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்வான இடம். அதற்கு மேற்கே எழுந்து நிற்கும் டெலஸ்கோப் சிகரத்தின் உயரமோ 3,368 மீட்டர். தரையில் சூடாகும் காற்று மேலெழுந்து, மலைச் சுவர்களுக்கு இடையிலேயே ஓரளவு குளிர்ந்து மீண்டும் கீழே இறங்குகிறது. இறங்கும்போது அழுத்தம் கூடுவதால் மறுபடியும் சூடாகிறது. அடுப்பின் வாயை மூடிவைத்தது போலச் சூடு உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபர்னஸ் என்றால் உலை என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உலகிலேயே மிக அதிக வெப்பம் இங்கேதான் பதிவானது என்பது உண்மையா?

1913 ஜூலை 10 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் 56.7 டிகிரி, அதாவது 134 ஃபாரன்ஹீட், பதிவானது. லிபியாவின் எல் அஸீஸியாவில் 1922-இல் பதிவானதாகச் சொல்லப்பட்ட 58 டிகிரியை 2012-இல் உலக வானிலை அமைப்பு செல்லாது என்று நீக்கிய பிறகு, டெத் வேலியின் பதிவே முதலிடத்துக்கு வந்தது. அந்தப் பழைய கணக்கை ஐயப்படும் வானிலையாளர்களும் இருக்கிறார்கள். அது காற்றின் வெப்பநிலை. தரையின் சூடு வேறு. 1972 ஜூலை 15 அன்று அதே ஊரில் நிலத்தின் மேற்பரப்பு 93.9 டிகிரி வரை சுட்டது. தண்ணீர் கொதிக்க இன்னும் 6 டிகிரிதான் பாக்கி.

எங்கே தங்குவது? பூங்காவுக்கு உள்ளேயா, பேட்டியிலா?

பூங்காவுக்குள் ஃபர்னஸ் கிரீக், ஸ்டோவ்பைப் வெல்ஸ், பனமின்ட் ஸ்ப்ரிங்ஸ் ஆகிய மூன்று இடங்களில் விடுதிகள் உள்ளன. விடியலில் பேட்வாட்டரில் நிற்க வேண்டும் என்பவர்களுக்கு ஃபர்னஸ் கிரீக் வசதி. அங்கிருந்து 27 கிலோமீட்டர்தான். ஆனால் வாடகை அதிகம். அறையை விட்டு வெளியே வந்தால் இரவு பத்து மணிக்கும் உலைதான்.

கோடையில் என் தேர்வு பேட்டி. நெவாடா மாநிலத்தில், 95-ஆம் எண் நெடுஞ்சாலையில், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர் அது. ஊரின் பெயர் நம் காதில் நேர்காணல் என்ற பொருளில் விழும். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'பீட்டி' என்று படிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் சொல்வது 'பேட்டி' என்றுதான். உயரத்தின் காரணமாகப் பள்ளத்தாக்கை விட அங்கே ஏறத்தாழ 10 டிகிரி குறைவு. ஜூலைப் பகலில் 38 டிகிரியை ஒட்டி இருக்கும். அதுவும் வெயில்தான் என்றாலும், மாலையில் காலாற நடக்க முடிகிற வெயில். பேட்டியிலிருந்து டேலைட் கணவாய் வழியாக ஃபர்னஸ் கிரீக் சுமார் 65 கிலோமீட்டர், முக்கால் மணி நேரப் பயணம். இரண்டு மாநிலங்களிலும் கடிகாரம் ஒன்றே.

ஒரே நாளில் எதையெல்லாம், எந்த நேரத்தில் பார்ப்பது?

ஜூலையில் ஐந்தே முக்கால் மணிக்குள் சூரியன் உதித்துவிடும். பேட்டியிலிருந்து நான்கரைக்குப் புறப்பட்டால் ஸாப்ரிஸ்கி முனையில் விடியலைப் பார்க்கலாம். பழைய ஏரிப் படிவுகள் மஞ்சளும் பழுப்புமாக மடிந்து கிடக்கும் அந்தக் காட்சிக்கு முதல் இருபது நிமிட ஒளியே போதும். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து காட்சி மேடைக்குச் சிறிய ஏற்றம் ஒன்று உண்டு. வயதானவர்கள் மெதுவாக ஏறிவிடுவார்கள்.

அங்கிருந்து நேராகப் பேட்வாட்டருக்குப் போய்விடுங்கள். ஏழு மணிக்கு முன் போனால் படுகையின் விளிம்பு இன்னும் கிழக்கு மலையின் நிழலில் இருக்க வாய்ப்புண்டு. பின்னால் திரும்பி மலைச் சுவரை அண்ணாந்து பார்த்தால், கடல்மட்டம் எங்கே என்று எழுதிவைத்த பலகை தலைக்கு மேலே வெகு உயரத்தில் தெரியும். உப்பின் மேல் சில நூறு அடிகள் நடந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் போதும். உப்புவெளி தட்டையாக இருப்பதால் 'இன்னும் கொஞ்ச தூரம்' என்று கால் தானாகப் போகும்; திரும்பி வரும் தூரமும் அதேதான் என்பது அப்போது தோன்றாது.

வடக்கே வரும் வழியில் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் என்ற ஒருவழிச் சாலை, சுமார் 14 கிலோமீட்டர். இரும்பும் மற்ற கனிமங்களும் ஏறிய பாறைகள் பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு என்று நிறம் காட்டுகின்றன. முழுவதையும் காரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்பதால் கோடைக்கென்றே போட்ட சாலை என்று சொல்வேன்.

ஒன்பது மணிக்கு மேல் டான்டேஸ் வியூ. 1,669 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த முனையில் பள்ளத்தாக்கின் அடியை விட சுமார் 14 டிகிரி குறைவாக இருக்கும். சற்று முன் நின்றிருந்த பேட்வாட்டர் நேர் கீழே வெள்ளைக் கோலமாகத் தெரியும். பலரும் இதை முதலில் பார்த்துவிட்டுக் கீழே இறங்குகிறார்கள். கோடையில் அதைத் தலைகீழாக்குவதே புத்திசாலித்தனம்.

பதினொரு மணிக்குப் பிறகு ஃபர்னஸ் கிரீக் தகவல் மையத்தின் குளிரறை, அதன் வாசலில் எல்லோரும் நின்று படம் எடுக்கும் பெரிய வெப்பமானி, பிறகு உணவு, பிறகு பேட்டிக்குத் திரும்புதல். வெப்பம் உச்சத்தைத் தொடுவது பிற்பகல் நான்கு, ஐந்து மணி அளவில் என்பதால் 'மூன்று மணிக்கு மேல் வெயில் தாழ்ந்துவிடும்' என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே உதவாது.

மெஸ்கீட் பிளாட் மணல்மேடுகளில் நடக்கலாமா?

விடியலில் அரை மணி நேரம் நடக்கலாம். பத்து மணிக்கு மேல் தாழ்வான பகுதிகளில் எந்த நடைபாதையிலும் போக வேண்டாம் என்பது பூங்கா நிர்வாகமே சொல்லும் அறிவுரை. மூடிய காலணி கட்டாயம். 2024 ஜூலையில் பெல்ஜியத்திலிருந்து வந்த பயணி ஒருவரின் ரப்பர் செருப்பு இந்த மணலில் கழன்றுபோய், அவருடைய பாதங்களில் மூன்றாம் நிலைத் தீக்காயம் ஏற்பட்டது. அன்று காற்றின் வெப்பநிலை 50 டிகிரிக்கு மேல். மீட்பு ஹெலிகாப்டரால் பள்ளத்தாக்கில் பத்திரமாக இறங்க முடியவில்லை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் இறக்கைகளுக்குப் போதிய தூக்குவிசை கிடைப்பதில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றி உயரமான இடத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் ஹெலிகாப்டருக்கு மாற்றினார்கள். அதே மாதம் 6-ஆம் தேதி, 53 டிகிரி வெயிலில், பேட்வாட்டர் அருகே மோட்டார் சைக்கிளில் சென்ற குழுவில் ஒருவர் உயிரிழந்தார். அன்றும் ஹெலிகாப்டர் வர இயலவில்லை. உதவி வந்துவிடும் என்ற கணக்கு கோடையில் தப்பக்கூடும்.

தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர். இது குடிப்பதற்கு மட்டும். வண்டி நின்றுபோனால் என்று அதற்கு மேலும் ஒரு நாள் அளவைக் காரில் வைத்திருங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து, ஏனெனில் இரத்தத்தில் சோடியம் குறைந்துபோகும். உப்புக் கடலை, ஊறுகாயோடு தயிர்சாதம், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று எதையாவது கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள். தயிர்சாதத்தைக் குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டியோடு வைக்காவிட்டால் காரிலேயே புளித்துவிடும்.

உடம்பு தாங்கவில்லை என்பதை எப்படி அறிவது?

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை முதல் எச்சரிக்கைகள். உடனே ஏசி காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ கொண்டுபோய், துணியை நனைத்து உடம்பில் போட்டு, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, இடம் பொருள் தெரியாமல் குழம்பினாலோ, மயங்கினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பத்தாக்கம். 911-ஐ அழைத்துவிட்டு, உதவி வரும்வரை உடம்பை நனைத்துக் குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. நினைவு தெளியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றவும் கூடாது. மருத்துவமனை பூங்காவில் இல்லை. லாஸ் வேகஸ் பக்கம் பரம்ப் ஊர்வரை போக வேண்டும்.

வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

காரிலேயே சுற்றுவதாக இருந்தால் போகலாம். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் உட்கொள்ளும் சில மாத்திரைகள், குறிப்பாகச் சிறுநீரைப் பெருக்கும் வகை, வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கும். புறப்படுவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. இன்சுலினைக் காரில் விட்டு இறங்காதீர்கள். கழிப்பறைக்கு அடிக்கடி போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வது நம் அம்மாக்களின் வழக்கம். அதை அன்று ஒரு நாள் மட்டும் கண்டித்துத் தடுக்க வேண்டும். குழந்தைகளை 'இரண்டே நிமிடம்' என்றுகூடக் காரில் தனியே விடக் கூடாது. வளர்ப்பு நாயை வீட்டில் விட்டு வருவதே அதற்குச் செய்யும் உபகாரம்.

கார் தாங்குமா?

நன்றாகப் பராமரித்த கார் தாங்கும். ரேடியேட்டர் குளிர்நீர் அளவு, டயர்க் காற்று, ஸ்டெப்னி ஆகியவற்றை முதல் நாளே பாருங்கள். நீண்ட ஏற்றங்களில் ஏசியை அணைக்கச் சொல்லும் பலகைகள் இருக்கும். இன்ஜின் சூட்டுமுள் ஏறினால் அந்தப் பலகையை மதியுங்கள். எரிபொருளை பேட்டியில் நிரப்பிக்கொள்வது நல்லது. பூங்காவுக்குள் உள்ள பெட்ரோல் பங்குகளில் விலை அதிகம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்குப் பேட்டியில் டெஸ்லா விரைவு மின்னேற்ற நிலையம் உண்டு. ஏசி முழுவேகத்தில் ஓடும்போதும் பள்ளத்திலிருந்து மலை ஏறும்போதும் மின்கலம் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கரையும்.

ஒன்றை மறக்கக் கூடாது: இந்தப் பூங்காவில் வெப்பத்தால் இறப்பவர்களை விட, நேரான வெறுஞ்சாலையில் வேகமாகப் போய்த் தடம் புரண்டு இறப்பவர்கள் அதிகம்.

கைப்பேசி வரைபடத்தை நம்பலாமா?

தார்ச்சாலையில் இருக்கும்வரை நம்பலாம். ஃபர்னஸ் கிரீக், ஸ்டோவ்பைப் வெல்ஸ் அருகில் ஓரளவு அலைவரிசை கிடைக்கும்; மற்ற இடங்களில் பெரும்பாலும் இல்லை. குறுக்குவழி என்று கருவி காட்டும் மண்பாதை, பல ஆண்டுகளாக யாரும் போகாத சுரங்கப் பாதையாக இருக்கலாம். 1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த நால்வர் குடும்பமொன்று வாடகை வேனில் தொலைவான பாதையொன்றில் புகுந்து காணாமல் போனது. எலும்புகள் கிடைத்ததே 2009-இல்தான். வண்டி சிக்கிக்கொண்டால் அதை விட்டு நடக்கத் தொடங்காதீர்கள். வண்டி நிழல் தரும். தேடுபவர்கள் கண்ணுக்கும் மனிதனை விட வண்டியே முதலில் படும்.

கற்கள் நகர்ந்து தடம் பதிக்கும் ரேஸ்டிராக் உலர்ஏரிக்கும் இதே காரணத்தால் கோடையில் போக வேண்டாம் என்பேன். 43 கிலோமீட்டர் கரடுமுரடான சாலை, டயர் கிழிக்கும் கற்கள்.

கோடையில் மழை பெய்யுமா?

பெய்தால் வெள்ளம்தான். ஜூலை முதல் செப்டம்பர்வரை தெற்கிலிருந்து ஈரக்காற்று வரும் நாள்களில் திடீர் மேகவெடிப்புகள் உண்டாகும். உறிஞ்ச மண்ணும் செடியும் இல்லாததால் மலையில் பெய்தது முழுவதும் கற்களோடு சாலைக்கு வந்துவிடும். 2022 ஆகஸ்ட் 5 அன்று சில மணி நேரத்தில் 37 மில்லிமீட்டர் பெய்து சுமார் ஆயிரம் பேர் வெளியேற வழியின்றிச் சிக்கினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயல் ஒரே நாளில் 56 மில்லிமீட்டரைக் கொட்டியது; ஓர் ஆண்டு மழையை விட அதிகம். பூங்கா அக்டோபர் நடுப்பகுதிவரை மூடப்பட்டது. பேட்வாட்டரில் ஏரியே உருவாகி, மறு ஆண்டு தொடக்கத்தில் மக்கள் அதில் படகு விட்டார்கள். எனவே புறப்படும் காலையில் பூங்காவின் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நீர் ஓடும் சாலையில் வண்டியை இறக்காதீர்கள்.

இந்த வெயிலில் முன்பு மனிதர்கள் வாழ்ந்தார்களா?

வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். ஃபர்னஸ் கிரீக்கை ஒட்டி டிம்பிஷா ஷோஷோனி மக்களின் ஊர் இருக்கிறது. பள்ளத்தாக்குக்கு 'மரணம்' என்று பெயர் வந்தது 1849-இல் தங்கம் தேடி வழிதவறிய கூட்டத்தாரால். இம்மக்களுக்கோ அது தலைமுறைகளாகத் தாயகம். அவர்கள் கோடையில் பள்ளத்தில் கிடக்கவில்லை. வெயில் ஏறும்போது மலைமேல் குடியேறி, பின்யோன் பைன் கொட்டைகளைச் சேகரித்து, குளிர் தொடங்கியதும் இறங்கி வந்தார்கள். 2000-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின் வழியே, பூங்காவுக்குள்ளேயே அவர்களுக்கு நிலம் திரும்பக் கிடைத்தது.

1883 முதல் 1888 வரை இங்கே வெண்காரம் காய்ச்சிய ஹார்மனி நிறுவனமும் இதையே கற்றுக்கொண்டது. கோடையில் கரைசல் குளிரவே மறுத்ததால் வெண்காரம் படிகமாகவில்லை. அந்த மாதங்களில் அடுப்பை மூடிவிட்டு, தென்கிழக்கே சற்று உயரத்தில் இருந்த மற்றோர் ஆலைக்கு வேலையை மாற்றினார்கள். சரக்கைக் கோவேறு கழுதைகள் பூட்டிய பெருவண்டிகளில் 265 கிலோமீட்டர் இழுத்துப்போன கதையை ஃபர்னஸ் கிரீக் அருகே உள்ள அதன் இடிபாடுகளில் படிக்கலாம். காலையில் சென்றால் கால் மணி நேர வேலை.

மாலையில் பேட்டியில் என்ன செய்வது?

ஊருக்கு மேற்கே 6 கிலோமீட்டரில் ரயோலைட் என்ற பாழூர். 1904-இல் தங்கம் கிடைத்ததும் எழுந்து, சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் குடியேறி, மூன்று மாடி வங்கியும் ரயில் நிலையமும் கட்டி, 1916-இல் மின்சாரமும் நிறுத்தப்பட்டு முடிந்துபோனது. வங்கியின் சுவர்கள் ஜன்னலும் கூரையும் இன்றி நிற்கின்றன. மரம் கிடைக்காத ஊரில் ஒருவர் சுமார் 50,000 புட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடும் அங்கே இருக்கிறது. மதுக்கடைகள் எத்தனை இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பக்கத்திலேயே கோல்ட்வெல் திறந்தவெளி அருங்காட்சியகம். பெல்ஜியச் சிற்பி ஆல்பர்ட் சுகால்ஸ்கி 1984-இல் செய்த, இயேசுவின் இறுதி இராவுணவுச் சிற்பத்தில், உள்ளே ஆளில்லாத வெள்ளைப் போர்வைகள் மட்டும் பாலைவனத்தைப் பார்த்து நிற்கும். எட்டு மணியை ஒட்டிச் சூரியன் சாயும்போது போய், இருட்டியதும் அங்கேயே வானத்தைப் பாருங்கள். நிலவில்லாத கோடை இரவில் பால்வீதி தெளிவாகத் தெரியும். நடக்கும் இடத்தை விளக்கடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், பாம்புகளும் இரவு உலாவுக்கு வருகின்றன.

கட்டணம், சாப்பாடு?

காருக்கு 30 டாலர், ஏழு நாள்களுக்குச் செல்லும். ரொக்கம் வாங்குவதில்லை, அட்டையில்தான் கட்ட வேண்டும். சைவ உணவு பூங்காவிலும் பேட்டியிலும் பீட்சா, சாலட் அளவோடு நின்றுவிடும். லாஸ் வேகஸிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோவதே நிம்மதி.

பேட்டித் தெருவில் திரியும் கழுதைகளுக்குத் தீனி கொடுக்கலாமா?

கூடாது. அவை யாருடைய வளர்ப்பும் அல்ல. சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் வழிவந்த காட்டுக் கழுதைகள். கையில் உண்ணப் பழகினால் சாலைக்கு வந்து வண்டியில் அடிபடும். கடிக்கவும் செய்யும். இரவில் 95-ஆம் எண் சாலையில் ஊரை நெருங்கும்போது வேகத்தைக் குறையுங்கள், நடுச்சாலையில் நின்றுகொண்டிருக்கும்.